தறிக்குழியில் முளைத்த நாணல்

அடுத்த வீட்டு அக்கா கையில் ஒரு முளையோடு என் வாசலில் வந்து நின்றாள். விரல் நீளம் இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளை, நுனி மட்டும் இளஞ்சிவப்பு, ஊசியாகக் கூர்ந்திருந்தது. எதன் வாயிலிருந்தோ பிடுங்கி வந்த பல்லைக் காட்டுவது மாதிரி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"டீச்சர், இது உங்க வூட்டுதுதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "எங்க தறிக்குழியில மொளைச்சிருக்குது. மிதிப்பலகை கட்டலாம்னு அவரு காலை உள்ள வுட்டாரு. சுருக்குனு குத்திச்சாம். தேளுன்னு நெனைச்சிக்கினு மேல தாவிட்டாரு மனுசன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முளையை எனக்குத் தெரியும். என் வாசலில் ஆளுயரத்துக்கு நின்று, ஐப்பசிக் காற்றில் வெள்ளைக் கொண்டைகளை ஆட்டிக்கொண்டிருந்த நாணலின் பிள்ளை அது. சுவருக்கு அடியில், மண்ணுக்குள், யாருக்கும் சத்தம் கேட்காமல் நடந்து போய் அடுத்த வீட்டில் தலை நீட்டியிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் நான் குடியிருந்தேன். பெண்கள் பள்ளியில் வேலை. கணவருக்குச் சென்னையில் வேலை. சனிக்கிழமை மாலை வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். நடுவில் இருக்கிற நாட்களில் நானும் என் பயங்களும்தான் அந்த வீட்டில் இருந்தோம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். கொடியில் காய்கிற துணி காற்றில் அடித்துக்கொண்டால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போகிறவள்.

அந்த நாணலை நானேதான் ஆசைப்பட்டுக் கேட்டேன். கல்யாணமான புதிதில் வாலாஜாபாத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுப் பாலாற்றங்கரையில் நடந்தோம். தண்ணீர் இல்லை. ஆறு முழுக்க மணல், மணல் முழுக்க வெள்ளைக் கொண்டை. காற்று வர வர எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தன. தண்ணீர் கைவிட்டுப் போன அசைவை இவை எடுத்து வைத்துக்கொண்டு செய்கிற மாதிரி இருந்தது. எனக்கு இது ஒன்று வேண்டும் என்றேன். மனைவி கேட்டால் எதையும் தோண்டித் தருகிற ஒரு சின்னப் பருவம் எல்லா ஆண்களுக்கும் உண்டு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு குச்சியால் மணலைக் கிளறி, கைப்பிடி அளவு தூர் ஒன்றைக் கிளப்பித் தந்தார்.

ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், கரும்பா?"

"நாணல்."

"நாணலுக்கு இன்னாத்துக்கு சார் பஸ்ஸு? ஒரு வெள்ளம் வந்தா அதுவே வந்து எறங்கிக்குமே."

தெருவில் கேட்டவர்களிடம் அழகுக்கு வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். "அழகுக்கா," என்றாள் அடுத்த வீட்டு அக்கா. "ஆட்டுக்குன்னு சொல்லியிருந்தாக்கூட ஒரு நாயம் இருக்குது டீச்சர்." ஆனாலும் பூத்த முதல் வருஷம் அவளும் நின்று பார்த்தாள். பட்டு நூலைச் சிக்கெடுத்து உதறின மாதிரி இருக்குது என்றாள். பட்டோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான் அந்தத் தெருவில் பெரிய பாராட்டு.

அடுத்த வருஷம் அது என்னை விட உயரமாகிவிட்டது. அதற்கடுத்த வருஷம் இடுப்பு பெருத்து, வாசலில் பாதியை எடுத்துக்கொண்டு, தெருப்பக்கம் சாயத் தொடங்கியது. இலை ஓரம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அரம். உரசிக்கொண்டு போகிறவர்களின் முழங்கையில் மெல்லிய சிவப்புக் கோடு விழும். தபால்காரர் சுற்றிக்கொண்டுதான் வருவார். இந்த மாதிரிப் புல்லை ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தோண்டி, பிளந்து, நடுவில் செத்ததை எறிந்துவிட்டு, வேண்டியதை மட்டும் திருப்பி நட வேண்டும். ஆற்றில் அந்த வேலையை வெள்ளம் பார்த்துக்கொள்கிறது. வெள்ளம் வராத வீட்டில் யார் பார்ப்பது? கணவரிடம் சொல்வேன். அடுத்த வாரம் என்பார். அவருக்கு இருப்பதே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதில் பாதி தூக்கம்.

முளையைப் பார்த்த அன்று மாலை அக்காவோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்கூடத்தில் புதுத் தறி நின்றது. தரையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, மிதிப்பலகையை மிதிப்பார். களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, வழவழவென்று காய்ந்திருந்தது குழி. தறிமரத்தில் வைத்த குங்குமம் இன்னும் உதிரவில்லை.

அக்காவின் புருஷன் பல வருஷமாக அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்தவர். இது அவருடைய முதல் சொந்தத் தறி. பட்டு முதலாளி முதல் தடவையாக அவரை நம்பிப் பாவு கொடுத்திருந்தார். பாவு என்றால் புடவையின் நீளவாட்டு இழைகள் முழுவதும். அது கெட்டால் அதற்குப் பிறகு நெய்ய ஒன்றும் இல்லை. பட்டு என்னவோ முதலாளியுடையது, கெட்டால் போகிற பேர் இவருடையது. மறுபடி அடுத்தவர் தறியில் போய் உட்கார வேண்டும். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அந்தப் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடப் போகிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அன்று மாலையே ஓடி வந்தேன்.

"ரத்தம் வந்ததா அண்ணா?"

"கொசு கடிச்ச மாதிரிதான் டீச்சரம்மா. குழியில புல்லு மொளைக்குதே, ஒரு பசுமாடு வாங்கிக் கட்டிடலாமான்னு பாத்துக்கினு இருக்கேன்."

பேச்சு விளையாட்டாக இருந்தது. கை மட்டும் தறிமரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. நான் மண்டியிட்டுக் குழிக்குள் கையை விட்டேன். என் வீட்டுப் பக்கச் சுவரோரம் பூச்சு லேசாக உப்பியிருந்தது. அழுத்தினால் உள்ளே முண்டு. அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு முண்டு. தோலுக்கு அடியில் கட்டி தட்டுப்படுகிற மாதிரி இருந்தது.

"வேரை எடுத்துடலாம் அண்ணா. நாளைக்கே ஆளைப் பிடிச்சு..."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவிலிருந்து ஒரு வெள்ளைப் பஞ்சு மிதந்து வந்தது. அவசரமில்லாமல் ஏறி, இறங்கி, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தறியின் மேல் உட்கார்ந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம். என் நாணலின் பூ. கொண்டைகள் முற்றிவிட்டன.

"நாளைக்கு இந்தத் தெருவுலதான் பாவு நீட்டணும்," என்றார் அவர். குரலில் விளையாட்டு இல்லை.

கஞ்சி ஈரத்தோடு நீண்டு கிடக்கிற பட்டின் மேல் அந்தப் பஞ்சு விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினது காய்ந்துவிட்டால் இழையோடு இழையாகிவிடும். தறியில் சீப்பு மாதிரி இருக்கிற அச்சின் பல்லுக்குள் நுழையும்போது இழை அறும். ஒன்று இரண்டானால் முடிச்சுப் போடலாம். என் வாசலில் நின்றது ஒன்று இரண்டல்ல, ஒரு மேகம்.

"இப்பவே வெட்டிடறேன்," என்றேன்.

"வெட்டினா இன்னா ஆகும்? கத்தி பட்டவொடனே அத்தினியும் பறக்கும். ராத்திரி பூரா தெருவுல கெடந்து காலையில எழுந்துக்கும்."

"கொளுத்திடலாமா?"

"எதிர்ல பூரா கூரை வூடு டீச்சரம்மா."

வெட்டக்கூடாது, விடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தபோது அக்கா உள்ளேயிருந்து ஒரு குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மறுநாளுக்கென்று காய்ச்சி வைத்த அரிசிக் கஞ்சி.

"பட்டை அடக்குற கஞ்சி புல்லை அடக்காதா?" என்றாள்.

புருஷன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த வருஷத்தில் அவர் கேட்ட மிக நல்ல வார்த்தை அதுதான் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. "ஆவும்," என்றார். "நல்லா ஆவும்."

கோயில் மணி அடிக்கிற நேரத்துக்கு வேலையைத் தொடங்கினோம். நான் முக்காலியில் ஏறி ஒவ்வொரு கொண்டையாக மெதுவாக வளைத்துக் கொடுக்க, அக்கா கீழிருந்து கஞ்சியில் தோய்த்த துணியால் அதை அடியிலிருந்து நுனி வரை உருவி விட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு வளைத்தேன். கஞ்சி பட்டதும் அந்த வெள்ளைப் புகை அத்தனையும் சுருங்கி, நனைந்த எலிவால் மாதிரி ஆனது. பார்க்கப் பாவமாக இருந்தது. அழகுக்கு என்று சொல்லித்தானே வைத்தேன்.

"புல்லுக்குக் கஞ்சி போட்டவங்க இந்தக் காஞ்சிபுரத்துலயே நாம ரெண்டு பேருதான்," என்றாள் அக்கா. "முதலாளி பாத்தாருன்னா இதையும் நெய்யச் சொல்லுவாரு."

அதற்குப் பிறகு அவள் புருஷன் ஒரு கயிற்றை எடுத்து வந்து, பட்டு நூல் கழியைக் கட்டுகிற மாதிரியே புதரின் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். நான் அரிவாளால் அடியில் அறுத்தேன். புதர் ஒரே உடம்பாகச் சாய்ந்தது. ஒரு பஞ்சுகூடப் பறக்கவில்லை. வெளிச்சம் போய்விட்டது. அந்தப் புல்கட்டை என் சுவரோரம் சாத்திவிட்டு, பாவு வேலை முடிந்ததும் எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று கைகளைக் கழுவினோம்.

காலையில் வெளிச்சம் வந்ததும் பாவு தெருவுக்கு வந்தது. மூங்கில் கால்களை நட்டு, தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டினார்கள். இடுப்பு உயரத்தில் அரக்குச் சிவப்பில் ஒரு ஆறு. அக்கம்பக்கத்தினர் இரண்டு பக்கமும் நின்று கைகொடுத்தார்கள். அந்தத் தெருவில் யார் பாவு நீட்டினாலும் வழக்கம் அதுதான். கஞ்சி தெளித்தார்கள். இழைகளைத் தட்டி, பிரித்து, நீவி விட்டார்கள். நான் வாசலில் நின்று காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே வெள்ளையாக ஏதாவது அசைந்தாலும் பிடிக்கக் கையை நீட்டினேன். வானத்தில் கொக்கு போனதற்குக்கூட.

ஒன்றும் பறக்கவில்லை. நடந்து வந்தது.

எதிர்ச்சந்திலிருந்து ஒரு மாடு. ஒரு கொம்பு வளைந்த, பெரிய, சாம்பல் நிற மாடு. கோயில் பக்கத்தில் திரிகிறதுதான்; தெருவுக்கு வந்தாலும் பாவைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிற பழக்கம் அதற்கு உண்டு. அன்று ஒதுங்கவில்லை. மூக்கை உயர்த்தி, காற்றை இழுத்து, நேராக என் வீட்டைப் பார்த்து நடந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் சுவரோரம் ஒரு கட்டுப் புல், ராத்திரி முழுக்கக் கஞ்சியில் ஊறி, மணத்துக்கொண்டு நிற்கிறது. அதற்கும் மாட்டுக்கும் நடுவில் பாவு.

யாரோ கம்பை எடுத்தார்கள். "யாரும் விரட்டாதீங்கபா," என்றார் அக்காவின் புருஷன். மெதுவாகத்தான் சொன்னார். "மெரண்டா உள்ள பூந்துரும்."

தெரு அப்படியே நின்றது. நீவிக்கொண்டிருந்த கைகள் இழையின் மேலேயே நின்றன. அவர் பாவின் ஓரத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். மாட்டை நிறுத்த முடியாது என்று அவருக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தேன். திரும்பவும் பார்க்க என்னால் முடியவில்லை.

புல்கட்டை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினேன். அது என் மேல் சாய்ந்தது, கழுத்திலும் கையிலும் கோடு கோடாக அறுத்தது. மாட்டின் கண் என் பக்கம் திரும்பியது. நான் பாவின் இந்தப் பக்கம் தெருவோரமாக நடக்கத் தொடங்கினேன். மாடு அந்தப் பக்கம் நடந்தது. நடுவில் பட்டு. நான் நின்றால் அது நின்றது. நின்ற கையோடு ஒரு அடி பாவை நோக்கி வந்தது. அதனால் நிற்கக்கூடாது. ஓடவும் கூடாது. இரண்டு பேரும் ஒரே நடையில், கல்யாண ஊர்வலத்தில் போகிறவர்கள் மாதிரி, அந்தச் சிவப்பு நீளத்துக்கு இரண்டு பக்கமாகப் போனோம். வழியில் நின்றவர்கள் மூச்சுக் காட்டாமல் ஒதுங்கினார்கள். யாரோ ஒரு பெண் மாட்டிடம், "போம்மா, டீச்சர் கூடவே போம்மா," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பாவு முடிகிற இடத்தில் ஒரு மூங்கில் கால். மாடு அங்கே என் பக்கம் திரும்பியபோது வளைந்த கொம்பு இழைகளில் பட்டதைப் பார்த்தேன். ஏதோ தெறித்தது. என்ன தெறித்தது, எவ்வளவு என்று பார்க்க முடியவில்லை. மாடு அதற்குள் கட்டின் நுனியைக் கவ்விவிட்டது. நான் திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்தேன். அது இழுக்க, நான் இழுக்க, மூலை திரும்பிக் குளத்துச் சந்து வரை போய்க் கட்டைக் கீழே போட்டேன். மாடு உட்காராத குறையாகச் சாப்பிட்டது. கஞ்சிக் கொண்டைகளை மட்டும் தேடித் தேடி எடுத்தது. இலையைத் தொடவில்லை.

அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. விட்டுவிட்டுப் போனால் பின்னாலேயே வருமோ என்று பயம். தெருப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பல பேர் ஒன்றாகப் பேசுகிற சத்தம். அது சிரிப்பா கூச்சலா என்று சுவர்களுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்ல முடியவில்லை. நான் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீக்கிரம் தின்னு என்று அதனிடம் சொன்னது நினைவிருக்கிறது. அப்புறம் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது.

திரும்பிப் போனபோது பாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் புருஷன் ஓரத்தில் குனிந்து, அறுந்த சில இழைகளை விரல் நுனியில் உருட்டி இணைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. அக்காதான் எதிரே வந்தாள்.

"ஓரத்துல கொஞ்சம் இழை போச்சு. அவரு சேத்துடுவாரு. மாடு எங்க?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கு."

அவள் என் கழுத்தையும் கையையும் பார்த்தாள். முந்தானையால் துடைக்க வந்து, கோடுகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கு ஏன் இது தோணாமப் போச்சு அக்கா? கஞ்சி வாசனைக்கு மாடு வரும்னு?"

"உங்களுக்கு எப்டி தோணும் டீச்சர், எங்களுக்கே தோணலியே. பட்டுக்கே ஊத்தி ஊத்தி, கஞ்சி திங்கற பொருளுன்னே இந்தத் தெரு மறந்துபோச்சு."

சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருவே சிரித்தது. அவள் புருஷன் மட்டும் சிரிக்கவில்லை. கடைசி இழையை இணைத்து முடித்த பிறகுதான், குனிந்தபடியே, "அந்த மாட்டுக்கு ஒரு துண்டு போத்தணும்," என்றார்.

பாவு வீட்டுக்குள் போயிற்று. புதுத் தறி என்பதால் பழைய இழையோடு பிணைக்க முடியாது. ஒவ்வொரு இழையாகக் கோத்து அச்சுக்குள் நுழைக்க வேண்டும். அதற்குப் பல நாள் ஆகும். அந்த நாட்களுக்குள் வேரை எடுத்தாக வேண்டும். அதன் பிறகு அவர் குழியில் கால் வைத்துவிடுவார்.

கணவர் ஞாயிற்றுக்கிழமை தூங்கவில்லை. கடப்பாரை, மண்வெட்டி, ஒரு பழைய கைரம்பம். அக்காவின் புருஷன் உதவிக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, கடப்பாரையைத் தொடப் போனார். அக்கா உள்ளேயிருந்து கத்தினாள். "கையை வெச்சீங்க, அவ்ளோதான்." கை காய்த்துப்போனால் பட்டு மாட்டிக்கொள்ளும், சொரசொரத்த விரலோடு அந்தப் பாவைத் தொட முடியாது. அக்காவுக்கும் அதே, அவள்தான் இழை கோக்கக் கைகொடுக்கிறவள். தங்களுக்காக இன்னொருவர் தோண்டுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது அவருக்குத் தாங்கவில்லை. இங்கே குத்துங்க சார், அங்கே நெம்புங்க சார் என்று வாயாலேயே தோண்டினார்.

தூர் அண்டாவின் வாயளவுக்கு இருந்தது. சுற்றிலும் உயிர், நடுவில் வைக்கோல் மாதிரி காய்ந்த சாவு. வெளியே பரவப் பரவ உள்ளே செத்துக்கொண்டே வந்திருக்கிறது. வேர் மண்ணை விடவில்லை. நாலு பக்கமும் குழி பறித்து, அடியில் கடப்பாரையைக் கொடுத்து, நானும் கணவரும் ஏறி மிதித்தபோது, ஒரு பெருமூச்சோடு புரண்டது. அதை ரம்பத்தால் அறுத்து நாலாகப் பிளந்தோம். செத்த நடுவை எறிந்தோம். மூன்று துண்டுகளை ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் நட்டுவிட்டு வந்தார் கணவர். ஒரு துண்டை, கைப்பிடி அளவுக்குக் குறைத்து, வாய் உடைந்த சிமெண்டுத் தொட்டியில் வைத்தேன். அதையும் வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். அக்காதான், "இருக்கட்டும் சார், தொட்டியில கெடக்கறது எங்க ஓடிடும்," என்றாள்.

ஆனால் என் பயம் தூரில் இல்லை. சுவருக்கு அடியில் போனவற்றில் இருந்தது. சுவரோரம் நீளமாகப் பள்ளம் வெட்டி, மஞ்சள் கயிறுகள் மாதிரி ஓடின வேர்த்தண்டுகளைப் பிடித்து இழுத்தேன். சில முழுதாக வந்தன, சில பாதியில் அறுந்தன. அறுந்த முனை மண்ணுக்குள் வெள்ளையாய்த் தெரியும், அப்புறம் தெரியாது. ஒவ்வொரு கணுவிலும் ஒரு முளை உறங்குகிறது. எவ்வளவு எடுத்தேன் என்பது குவியலைப் பார்த்தால் தெரியும். எவ்வளவு விட்டேன் என்பதை யார் சொல்வது? பள்ளத்தில் உடைந்த ஓடுகளைச் செங்குத்தாக நெருக்கிச் செருகி மண்ணைத் தள்ளினோம். அந்தப் பக்கம் போய், அக்கா சொல்லச் சொல்ல, குழியின் உப்பலைக் கொத்தி, முண்டுகளை எடுத்து, மறுபடி பூசினேன். பூச்சு காய்ந்தது.

ஒரு காலையில் தறிச் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஊடிழையை இழுத்துக்கொண்டு நாடா போகிறது, வருகிறது, அச்சு அடிக்கிறது. அந்தத் தெருவில் அது மூச்சு விடுகிற சத்தம், யாரும் கவனிப்பதில்லை. நான் கவனித்தேன். அரிசி களையும்போது, விடைத்தாள் திருத்தும்போது, குளிக்கும்போது. அடி, அடி, அடி. சத்தம் வருகிற வரை அவர் கால் நன்றாக இருக்கிறது. சத்தம் நின்றால் என் கையில் இருக்கிற வேலையும் நின்றுவிடும். குத்திவிட்டதா. இழை அறுந்ததா. பூச்சு ஈரம் கண்டதா. சிவப்பு மைப் பேனாவோடு அடுத்த வீட்டுக்குப் போய் நிற்பேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். ஒன்றுமில்லை அண்ணா, உப்பு இருக்கா என்று கேட்க வந்தேன் என்பேன். அக்கா உப்பு கொடுப்பாள். என் வீட்டில் உப்பு சேர்ந்துகொண்டே போனது.

முதல் புடவை பாதிக்கு மேல் வந்திருந்த ஒரு நாள் மத்தியானம், சத்தம் நடு அடியில் நின்றது. போனேன். அவர் தறியில்தான் உட்கார்ந்திருந்தார், மூக்கைத் தேய்த்துக்கொண்டு.

"ஏன் டீச்சரம்மா, தறி நின்னா ஓடியாறீங்களே, நெய்யறவன் மூக்கை சொறியக்கூடாதா?"

நான் உப்பு என்று வாயெடுத்தேன்.

"உப்பு வேணாம்," என்றாள் உள்ளேயிருந்து அக்கா. "இன்னிக்கு நீங்கதான் தரணும். எங்க பானையில தீந்துபோச்சு."

அவர் சிரிக்கவில்லை. கால்களை வெளியே எடுத்து, விளிம்பில் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தார். "நீங்களே பாத்துடுங்க," என்றார். "எனக்கும் தெனம் கால் வெக்கறப்ப நெஞ்சு திக்குனுதான் இருக்குது. இவகிட்ட சொல்லல."

புடவை என் முகத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது, அரக்கு, ஓரத்தில் பச்சை. தலை அதில் படாமல் குனிந்து, குழிக்குள் கையை விட்டேன். சுவரோரம் மேலிருந்து கீழ் வரை உள்ளங்கையை அழுத்திக்கொண்டே போனேன். மண் வெதுவெதுப்பாக, காய்ந்து, வழவழவென்று இருந்தது. மூலைக்கு வந்தபோது கொஞ்சம் நின்றேன். ஒன்றுமில்லை, சாணத்தில் ஒரு வைக்கோல். திரும்பவும் ஒருமுறை போனேன்.

"இல்லண்ணா," என்றேன்.

"நாளைக்கும் வாங்க," என்று சொல்லிவிட்டுக் காலை உள்ளே வைத்தார்.